தோழர் மூக்காயியின் முடியாத சாட்சியம்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் வழக்கறிஞர் புவனேஸ்வரி அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் தோழமைச் சங்கத் தலைவர்களே, முன்வரிசையில் இருக்கும் தோழர் மூக்காயியின் கணவர் ஆண்டிச்சாமி அவர்களே, மகள் கலைமதியே, இன்றைய கூலியை விட்டுவிட்டு, டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே இந்தத் திருக்கோகர்ணம் மண்டபத்துக்கு வந்து சேர்ந்திருக்கும் வீட்டுவேலைத் தொழிலாளர் சகோதரிகளே, வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து, அங்கே பட்டதைச் சொந்த வீட்டில்கூடச் சொல்லாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

இரங்கல் கூட்டத்தில் குரலை உயர்த்தக் கூடாது என்பார்கள். எனக்குத் தாழ்ந்த குரலில் பேச வராது. சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்துக்கொண்டே தெருமுனையில் சங்கம் வளர்த்த தொண்டை இது. அதோடு, இன்றைக்குத் தாழ்த்திப் பேசுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. அழுகை அடக்கம் நடந்த அன்றே தீர்ந்துவிட்டது. மிச்சம் இருப்பது கோபம்.

எங்கள் சங்கத்தின் மாவட்டத் தலைவர் தோழர் மூக்காயி மறைந்துவிட்டார். பத்திரிகையில் இரண்டு வரி வந்திருந்தது. கடத்தலில் மீண்ட பெண் உடல்நலக் குறைவால் மரணம் என்று. மீண்டாராம். எங்கே மீண்டார்? எதிலிருந்து மீண்டார்? அவரை விற்ற வழக்கு இன்னும் முடியவில்லை. விற்றவர்கள் இன்னும் ஊருக்குள் நடமாடுகிறார்கள். அந்த இரண்டு வரியை எழுதிய தம்பியின் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த வார்த்தையை இந்த மேடையில் யாரும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மூக்காயி யார்? குடுமியான்மலைக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில் வாழ்க்கைப்பட்டவர். வானம் பார்த்த கொஞ்சம் நிலம், கடலை விதைப்பார்கள். கல்யாண வீடுகளுக்குச் சமைக்கப் போகும் பெண்கள் கூட்டத்தில் அவர்தான் முதல் ஆள். நூறு பேருக்கு வடிக்கிற சோறு ஒரு பருக்கை குழையாது. வாய் கொஞ்சம் நீளம். பந்தியில் குறை சொன்ன மாப்பிள்ளை வீட்டாரைக் கரண்டியோடு வந்து பதில் சொல்லி உட்காரவைத்த கதையை அந்தப் பக்கத்தில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அப்படிப்பட்டவருக்கு ஒரு நாள் இடி விழுந்தது. கிணறு தூர்வாரப் போன ஆண்டிச்சாமி அண்ணன் மேல் மண் சரிந்தது. இடுப்பெலும்பு முறிந்து படுத்தார். கலைமதி அப்போது எட்டாம் வகுப்பு.

அந்த நேரத்தில் வீட்டுக்கு வந்தவர் ரெங்கராஜ். மூக்காயியின் சின்னம்மா மகன். கூடப் பிறந்த ஆண்பிள்ளை இல்லாத மூக்காயிக்கு அவர்தான் அண்ணன். கலைமதிக்குக் காது குத்தியபோது தாய்மாமன் முறையில் மடியில் உட்காரவைத்துக்கொண்டவர் அவர்தான். ஊரில் பாதிப் பேரை வளைகுடாவுக்கு அனுப்பியவர் என்று பெயர். கார் வைத்திருந்தார்; கோயில் கமிட்டியில் இருந்தார். அவர் சொன்னார், “நீ ஆக்குற சோத்துக்கு அங்கிட்டு அரமனையே கெடைக்கும்மா. ரெண்டு வருசம் இருந்துட்டு வா. மச்சானுக்கு வைத்தியமும் ஆகும், பிள்ளையும் படிக்கும்.”

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். அதிகம் படிக்காத ஒரு பெண் வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போக வேண்டுமென்றால் அதற்கு அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். அனுப்புகிறவர் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். வேலை கொடுக்கிறவர் யார், எந்த வீடு என்று தெரிந்திருக்க வேண்டும். இவையெல்லாம் பெண்களைக் காப்பாற்றத்தான் இருக்கின்றன. ரெங்கராஜ் இதையெல்லாம் சுற்றிக்கொண்டு போக ஒரு வழி வைத்திருந்தார். சுற்றுலா விசா! பக்கத்திலிருக்கும் சித்தன்னவாசலைக்கூடச் சுற்றிப் பார்க்க நேரம் இல்லாத மூக்காயி, துபாயைச் சுற்றிப் பார்க்கத் திருச்சியில் விமானம் ஏறினார்.

துபாயில் இறங்கியவரை ஒரு காரில் ஏற்றி, எல்லை தாண்டி, வேறொரு நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஓர் அலுவலகத்தின் பின்பக்கம் பெரிய அறை. சுவரோரம் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வருகிறவர்கள் பார்ப்பார்கள்; எழுந்து நிற்கச் சொல்வார்கள்; கையைத் திருப்பிப் பார்ப்பார்கள். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, அதுபோல. முதல் வீட்டுக்கு ஒருவர் வாங்கிப் போனார். அவருக்குப் பிடிக்கவில்லை; இன்னொரு வீட்டுக்கு மாற்றினார்கள். பிறகு இன்னொன்று. கடைசியாகப் போன வீட்டில் பெயரையும் மாற்றினார்கள். முன்பு அங்கே வேலை செய்த பெண்ணின் பெயர் அவர்கள் வாயில் பழகியிருந்ததாம், அதையே இவருக்கும் வைத்துவிட்டார்கள். பாஸ்போர்ட் அவர்களிடம். கதவு வெளிப்பக்கம் பூட்டு. துணி துவைக்கும் அறையில் படுக்கை. சன்னல் இல்லாத குளியலறைகளில் இரண்டு மூன்று வகை அமிலங்களை ஒன்றாக ஊற்றிக் கழுவச் சொன்னார்கள். அந்தப் புகையை மாதக்கணக்கில் சுவாசித்தார். நெஞ்சு அங்கேதான் போனது, தோழர்களே. சென்ற வாரம் அரசு மருத்துவமனையில் நின்றுபோனது அந்த நுரையீரல்தான்.

சோறாக்கக்கூட விடவில்லை அவரை. கல்யாண வீட்டுக்கே ஆக்கிப்போட்ட அந்தக் கை, அங்கிருந்த காலம் முழுக்க ஒரு நாளும் அடுப்பைத் தொடவில்லை. பிற்பாடு இதைச் சொல்லும்போதுதான் அவருக்குக் கண் கலங்கும்.

ஒருமுறை வீட்டுக்காரம்மாவின் தொலைபேசி கையில் சிக்கியது. யாரைக் கூப்பிட்டார் தெரியுமா? அண்ணனைத்தான். என்னை எப்படியாவது கூட்டிப்போய்விடுங்கள் என்று அழுதார். காசு வாங்கியாகிவிட்டது, காலம் முடிந்துதான் வர வேண்டும் என்று சொல்லி அந்த அண்ணன் போனை வைத்துவிட்டார்.

கடைசியில் மயங்கி விழுந்தவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது, அங்கே வேலை பார்த்த ஒரு மலையாள நர்ஸ், யாருக்கும் தெரியாமல் நம் தூதரகத்துக்குப் போன் போட்டுச் சொன்னார். அந்தப் புண்ணியவதியின் பெயர்கூட மூக்காயிக்குத் தெரியாது. அவர் வாழ்க! பெற்றெடுத்த ஊர் செய்யாததை அவர் செய்தார்.

மூக்காயி ஊர் திரும்பினார். ஊர் என்ன கேட்டது? என்ன கொண்டுவந்தாய் என்று கேட்டது. பெட்டியைப் பார்த்தது. பெட்டி இல்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அங்கே என்ன நடந்ததோ, எப்படி இருந்தாளோ என்று குழாயடியில் பேசியது. ஒருவராவது, ஒரே ஒருவராவது, உனக்கு என்னம்மா நடந்தது என்று கேட்டார்களா?

காவல் நிலையத்துக்குப் போனார். அங்கே இருந்தவர் கேட்டது ஒரே கேள்வி. “நீயாத்தானே போனே?”

இந்தக் கேள்வியை நினைவில் வையுங்கள். ஆள் கடத்தல் வழக்குகளின் கழுத்தில் விழும் சுருக்குக் கயிறு இதுதான். நீயாகத்தானே போனாய்? நீயாகத்தானே பாஸ்போர்ட் எடுத்தாய்? நீயாகத்தானே கையெழுத்துப் போட்டாய்? பிறகு என்ன புகார்? அன்றைக்கு எழுதிக்கொண்டது பண மோசடிப் புகார். வெளிநாட்டு வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி ஏமாற்றிவிட்டார், அவ்வளவுதான். ஒரு மனுஷியை விற்றதும், பழுதான மோட்டாரை நல்ல மோட்டார் என்று விற்றதும் ஒரே பிரிவில் போய்ச் சேர்ந்துவிட்டன!

அப்படித்தான் அவர் எங்கள் சங்க அலுவலகத்துக்கு வந்தார். மாடிப்படி ஏறி வந்தவருக்கு மூச்சு வாங்கியது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

“ஏமாத்திட்டாருன்னு எழுதியிருக்காங்கக்கா. வித்துட்டாருன்னு எழுதச் சொல்லுங்க.”

எத்தனையோ புகார்களைக் கேட்டவள் நான். இதைவிடத் தெளிவாக யாரும் என்னிடம் பேசியதில்லை.

இந்தக் கூட்டத்தின் தலைவர் புவனேஸ்வரி அன்றைக்குச் சட்டப் புத்தகத்தை எடுத்துவைத்து அவருக்கு வாசித்துக் காட்டினார். பழைய தண்டனைச் சட்டத்தில் முன்னூற்று எழுபதாம் பிரிவு. இப்போது வந்திருக்கும் புதிய சட்டத்தில் அது நூற்று நாற்பத்து மூன்று. ஆசை காட்டியோ, ஏமாற்றியோ, மிரட்டியோ ஒருவரைச் சுரண்டலுக்கு ஆள் சேர்த்தால், கொண்டுபோனால், ஒப்படைத்தால் அது ஆள் கடத்தல். அதற்குக் கீழே ஒரு விளக்கம் இருக்கிறது. கடத்தப்பட்டவரின் சம்மதம் ஒரு பொருட்டல்ல. நம் நாட்டுச் சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது! அந்த வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார் மூக்காயி. பிறகு கேட்டார், இது அந்த ஸ்டேஷனில் இருக்கிறவர்களுக்குத் தெரியாதா என்று. அதற்குப் பதிலை நான் சொல்கிறேன். தெரியும். தெரிந்தும் எழுதவில்லை. அந்தப் பிரிவை எழுதினால் மேலதிகாரி கேட்பார், தூதரகத்துக்கு எழுத வேண்டும், மேலே இருக்கும் பெரிய ஏஜெண்டைத் தேட வேண்டும். மோசடி என்று எழுதிவிட்டால் இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசி முடித்துவிடலாம்.

நீதிமன்ற உத்தரவு வாங்கித்தான் அந்தப் பிரிவு மாறியது. மாறிய அன்றைக்கே ஊரும் மாறியது. கோயில் திருவிழாவுக்கு அந்த வருஷம் மூக்காயி வீட்டில் வரி வாங்கவில்லை. வரி வாங்காமல் விடுவது என்றால் என்ன அர்த்தம் என்று நம் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீ எங்களில் ஒருத்தி இல்லை என்று அர்த்தம். விற்றவருக்குக் கோயில் கமிட்டியில் இடம் இருந்தது. விற்கப்பட்டவளுக்குத் தேர் இழுக்க உரிமை இல்லை. சொந்த அண்ணனையே கோர்ட்டுக்கு இழுத்தவள் என்று அவருக்குப் பெயர் வைத்தார்கள். அன்றைக்கு வரிக்கு வராத பெரியவர்கள் சிலர் இன்றைக்கு இந்த மண்டபத்துக்கு மாலையோடு வந்திருக்கிறீர்கள். உங்களை நான் வெளியே போகச் சொல்லவில்லை. உட்காருங்கள். உட்கார்ந்து முழுக்கக் கேட்டுவிட்டுப் போங்கள்.

மூக்காயி முடங்கவில்லை. சங்கத்தில் சேர்ந்தார், கிளை கட்டினார். வாரத்தில் சில நாள் விடியற்காலையில் புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் திருச்சி பஸ் நிற்கிற இடத்தில் போய் நின்றுகொள்வார். புதுப் பெட்டியும் புதுச் செருப்புமாக ஒரு பெண் வந்து நின்றால் பக்கத்தில் போவார். எந்த ஊருக்கும்மா, என்ன விசா என்று கேட்பார். சிலர் முறைப்பார்கள். ஏஜெண்டுகளின் ஆட்கள் ஒருமுறை அவரைப் பிடித்துத் தள்ளினார்கள், முழங்கையில் அடி. மறுவாரமும் போனார். அப்படி ஒரு காலையில் அவர் கேட்ட கேள்வியால் பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண் சரண்யா இதோ இந்த மண்டபத்தில் இருக்கிறார். சுற்றுலா விசாவோடு கிளம்பியவர். இன்றைக்கு எங்கள் சங்கத்தின் வட்டப் பொருளாளர்.

சென்னையில் ஒரு கலந்தாய்வுக் கூட்டத்துக்கு அவரை அழைத்துப் போனோம். நாடு முழுமைக்கும் ஆள் கடத்தலுக்கு எதிராக ஒரு முழுச் சட்டம் வேண்டும் என்று பல காலமாகப் பேச்சு நடக்கிறது. ஒரு மசோதா வந்தது. ஓர் அவையில் நிறைவேறியது. அடுத்த அவையில் நிறைவேறாமலேயே காலாவதியானது. பிறகு இன்னொரு வரைவு வந்தது; கருத்துக் கேட்டார்கள்; நானறிந்தவரை அது இன்னும் வரைவாகவே இருக்கிறது. அந்த வரைவைப் பற்றித்தான் அன்றைக்குப் பேச்சு. மீட்கப்பட்டவர்களைக் காப்பகங்களில் வைத்துப் பராமரிப்பது பற்றி ஓர் அதிகாரி நெடுநேரம் விளக்கினார். நல்ல மனிதர்தான். மூக்காயி எழுந்தார்.

“பூட்டுன வீட்டுலருந்து தப்பிச்சு வந்தவளுக்கு இன்னொரு பூட்டுன வீடாங்கய்யா? எனக்கு வீடு இருக்கு. புருசன், பிள்ளை இருக்கு. நான் அங்கிட்டு இருந்துக்கிறேன். வைத்தியத்துக்கு வழி பண்ணுங்க. கேசை முடிச்சுக் குடுங்க.”

அந்த அதிகாரி எழுதிக்கொண்டார். எழுதியது எங்கே போனது என்று எனக்குத் தெரியாது.

இனி நான் சொல்லப்போவதுதான் மூக்காயி எப்படிப்பட்டவர் என்பதைச் சொல்லும்.

ரெங்கராஜுக்கு ஒரே மகன், கோபிநாத். டிப்ளமோ படித்தவன். அப்பனை நம்பாமல் அவன் தானாக ஒரு வேலை தேடினான். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, ஏ.சி. அறை என்று ஒரு விளம்பரம். போனான். விமான நிலையத்திலிருந்து வண்டியில் ஏற்றி, இரவோடு இரவாக ஆற்றைக் கடத்தி, அடுத்த நாட்டில் ஒரு வளாகத்துக்குள் தள்ளினார்கள். சுற்றிலும் முள்வேலி, துப்பாக்கியோடு காவல். அங்கே அவனுக்குக் கொடுத்த வேலை, பெண் பெயரில் போனில் பேசி நம் நாட்டு ஆட்களிடம் பணம் பறிப்பது. மறுத்தவனைக் கரண்ட் கம்பியால் சுட்டார்கள். கம்பெனிக்குக் கம்பெனி விற்றார்கள். ஆட்களை விற்றவரின் மகனை ஆட்கள் விற்றார்கள். இதைக் கடவுள் கொடுத்த கூலி என்று ஊரில் சிலர் சந்தோஷப்பட்டார்கள். மூக்காயி சந்தோஷப்படவில்லை.

அரசு முயற்சியில் பலரோடு அவனும் திரும்பி வந்தான். வந்த சில நாளிலேயே வேறு மாநிலத்துப் போலீஸ் வந்துவிட்டது. அவனைப் பேசவைத்த போனில் ஒரு பெரியவர் சேமிப்பையெல்லாம் இழந்திருந்தார். கோபிநாத் குற்றவாளி என்று இங்கே ஒரு நிலையத்தில் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் ரெங்கராஜும் அவர் மனைவியும் மூக்காயி வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். நான் அங்கே இருந்தேன். எத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்த வாசலை மிதிக்கிறார்! ஆண்டிச்சாமி அண்ணன் தடியை ஊன்றி எழுந்து நின்றார். ரெங்கராஜ் வாய் திறப்பதற்குள் அந்த அம்மா தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார். நடந்ததையெல்லாம் அவர்தான் சொன்னார். மூக்காயி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சேலையை உதறிக்கொண்டு எழுந்தார்.

“நான் வாரேண்ணே. அவன் எனக்கு மருமகன், வராம இருப்பனா? ஆனா ஒங்க மேல இருக்க கேசு அது பாட்டுக்கு நடக்கும். அதையும் இதையும் சேத்துப் பேசக் கூடாது.”

எத்தனை பேருக்கு வரும் இந்த மனம்? எத்தனை பேருக்கு வரும் இந்தத் தெளிவு? பகையாளியின் பிள்ளை என்று விட்டிருக்கலாம். பிள்ளையைக் காட்டி வழக்கில் பேரம் பேசியிருக்கலாம். அவர் செய்தது இரண்டும் இல்லை. புவனேஸ்வரியைக் கூட்டிக்கொண்டு நிலையத்துக்குப் போனார்.

அங்கேயும் அதே கேள்விதான், தோழர்களே. தானாகத்தானே போனான்? தானாகத்தானே பேசினான்? மூக்காயி, பெஞ்சில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவன் தோளைத் தொட்டுக் கேட்டார்.

“ஒன்னைய அடிச்சாங்களாய்யா?”

விமானம் இறங்கிய நாளிலிருந்து அத்தனை பேர் விசாரித்திருக்கிறார்கள். யாரும் அவனிடம் கேட்காத கேள்வி அது. அவன் சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டினான். அந்த அறையில் இருந்த காவலர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். கூட வந்திருந்த வெளி மாநில அதிகாரி அப்போதுதான் தன் கேள்விகளை முதலிலிருந்து மறுபடி கேட்கத் தொடங்கினார்.

கோபிநாத் ஜாமீனில் வந்தான். மாதங்கள் கழித்து அவனைக் குற்றவாளி இல்லையென்று சொல்லிச் சாட்சியாகச் சேர்த்தார்கள். நல்லது. ஆனால் அது எப்படி நடந்தது? அந்த அதிகாரிக்கு மனசு இருந்தது, நடந்தது. அவர் இடத்தில் வேறொருவர் இருந்திருந்தால்? ஓர் அதிகாரியின் மனசா நமக்குச் சட்டம்? கடத்தப்பட்டவன் கட்டாயத்தின் பேரில் செய்த காரியத்துக்கு அவனைத் தண்டிக்கக் கூடாது என்று வெட்டவெளிச்சமாகச் சட்டத்தில் எழுத இந்த நாட்டுக்கு என்ன தடை? அப்படிச் சிக்கி வந்து, கூப்பிட ஓர் அத்தை இல்லாமல், வேறு மாநிலச் சிறைகளில் கிடக்கும் பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது?

இதற்கிடையில் மூக்காயியின் வழக்கு என்ன ஆனது? வாய்தா. மறுபடி வாய்தா. வக்கீலுக்கு உடம்பு சரியில்லை, வழக்குக் கட்டு வரவில்லை, எதிரி வெளியூர் போயிருக்கிறார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் இரண்டு பஸ் மாறி வருவார். கோர்ட் வராந்தாவில் மூச்சு வாங்கிக்கொண்டு தூணில் சாய்ந்து நிற்பார். உட்காருங்கள் என்றால், கூப்பிடும்போது எழ நேரமாகிவிடும் என்பார். கடைசியில் இந்த வருஷம்தான் குறுக்கு விசாரணை தொடங்கியது. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். எதைக் கேட்டிருப்பார் என்று நினைக்கிறீர்கள்? நீங்களாகத்தானே போனீர்கள்?

மூக்காயி கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீதிபதியைப் பார்த்துச் சொன்னார்.

“ஆமாங்கய்யா, நானாத்தான் போனேன். சோறாக்கப் போனேன். வெலை போறதுக்குப் போகலை.”

வக்கீல் தாள்களைப் புரட்டினார். மீதிக் கேள்விகளுக்கு அவகாசம் வேண்டும் என்றார். அவகாசம் கிடைத்தது. மறுபடி கேட்டார், மறுபடி கிடைத்தது. கேட்கிறவருக்கெல்லாம் அவகாசம் கொடுத்தார்கள். மூக்காயிக்கு மட்டும் அவகாசம் இல்லை. சென்ற வாரம் அந்த நெஞ்சு அடங்கிவிட்டது.

இப்போது என்ன சொல்லப்போகிறார்கள் தெரியுமா? குறுக்கு விசாரணை முடியவில்லை, ஆகவே அவர் சாட்சியத்தை ஏற்கக் கூடாது என்று சொல்லப்போகிறார்கள். அதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்பது நீதிபதியின் கையில் இருக்கிறது என்கிறார் புவனேஸ்வரி. இழுத்தடித்தவர்கள் அவர்கள், இறந்துபோனது இவர் குற்றமாம்! இயற்கை மரணம் என்று மருத்துவமனைச் சீட்டில் எழுதியிருக்கிறது. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பூட்டிய குளியலறையில் பாதி கொன்றார்கள். வாய்தா வராந்தாவில் மீதியைக் கொன்றார்கள்.

அதனால்தான் கேட்கிறோம். கடத்தல் வழக்கைக் காலவரையறை வைத்து முடிக்கச் சட்டம் வேண்டும். திரும்பி வருகிறவருக்கு விமான நிலையத்திலேயே மருத்துவர் வேண்டும், வழக்கறிஞர் வேண்டும். அவர் வீட்டிலேயே இருந்து பிழைக்க நிவாரணம் வேண்டும், அதுவும் தீர்ப்பு வரும்வரை காக்கவைக்காமல். கட்டாயப்படுத்தப்பட்டவரைக் குற்றவாளி ஆக்காதிருக்க உத்தரவாதம் வேண்டும். இதைப் பிச்சையாகக் கேட்கவில்லை. மூக்காயி உயிரைக் கொடுத்துக் கேட்டது இது.

தோழர்களே, அடக்கத்தன்று நடந்த ஒன்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும். அதைச் சொல்வதற்குச் சம்பந்தப்பட்டவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். பாடையைத் தூக்க ஆள் குறைவாக இருந்தது. கோபிநாத் வந்து தோள் கொடுத்தான். உன் அப்பா மேல் கேஸ் போட்டவள் பிணத்தையா தூக்குகிறாய் என்று தெருவில் ஒருவர் கேட்டார். அவன் நிற்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. எல்லாம் முடிந்து குளித்துவிட்டு ஈரத் தலையோடு புவனேஸ்வரியிடம் வந்தான். மூக்காயி அழுது போன் செய்த அன்றைக்கு அவன் வீட்டில்தான் இருந்தானாம். ஸ்பீக்கரில் போட்டுத்தான் அப்பா பேசினாராம். அத்தையின் அழுகையும் கேட்டது, அப்பா சொன்ன பதிலும் கேட்டது. அன்றைக்கு அவன் பள்ளிக்கூடப் பையன்.

“என் காதால கேட்டேன் மேடம். கோர்ட்டுல வந்து சொல்றேன்” என்றான். அப்பா இருக்கும் வீட்டில் இனி நீ இருக்க முடியாதே என்று புவனேஸ்வரி கேட்டார். தெரியும் என்றான்.

வழக்கு நடக்கும்போதே கூடுதல் சாட்சியை அழைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. மனு தயாராகிவிட்டது. அரசு வழக்கறிஞர் ஒப்புக்கொண்டிருக்கிறார். இன்றைக்கு அவன் இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறான். யார் என்று திரும்பித் தேடாதீர்கள். அவன் ஏற்கெனவே நிறையப் பேரின் பார்வையைத் தாங்கிவிட்டான்.

இந்த மேடையிலிருந்து ஒன்றைச் சங்கத்தின் சார்பில் சொல்லிவிட்டுப் போகிறேன். அவன் தங்குவதற்கு எங்கள் அலுவலகத்து மாடி இருக்கிறது. கலைமதியின் படிப்பு எங்கள் பொறுப்பு. திருச்சி பஸ் நிற்கிற இடத்தில் நாளைக் காலையிலிருந்து சரண்யா நிற்பார். அவரோடு நானும் நிற்பேன். சட்டம் கேட்டு நாம் எழுதிய மனு மாவட்டத்தின் ஒவ்வொரு சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர் வாசலுக்கும் போகும். பதில் வரும்வரை மறுபடி மறுபடி போகும்.

வருகிற திங்கட்கிழமை வழக்கை மறுபடி கூப்பிடுகிறார்கள். அந்த மனுவைக் கொடுத்து, அன்றைக்கே அவனை விசாரிக்கக் கேட்கப்போகிறோம். மாலை வாங்கி வந்தவர்களே, மௌனமாக எழுந்து நின்றவர்களே, அன்றைக்கு வரிக்கு வராத பெரியவர்களே, உங்கள் எல்லோரையும் கேட்கிறேன். திங்கட்கிழமை காலையில் கோர்ட் வராந்தாவுக்கு வாருங்கள். கோஷம் வேண்டாம், கொடி வேண்டாம். சும்மா வந்து நில்லுங்கள். பெற்ற தகப்பனுக்கு எதிரே ஒரு பிள்ளை கூண்டில் ஏறி நிற்கப்போகிறான். அவன் திரும்பிப் பார்க்கும்போது அந்த வாசல் நிறைய மனிதர்கள் இருக்க வேண்டும்.